யூட் வாசித்த முதுகு

போன வாரம் பனிச் சப்பாத்துத் தேடி நிலவறைக்குள் இறங்கினேன். கர்க்லாண்ட் புறநகரில் வீடு வாங்கியவர்களுக்குத் தெரியும், மனைவி மேலே வைக்க விரும்பாத சாமான்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும், சில மாலைகளில் நானும் உட்பட. சப்பாத்துக்குப் பதில் ஒரு பழைய சப்பாத்துப் பெட்டி அகப்பட்டது. திறந்ததும் நோவெண்ணெயும் ஒட்டுப்பசையும் கலந்த மணம். பத்தொன்பது வயதில் என் முழங்கால் இப்படித்தான் மணக்கும். இப்போது நோ மட்டும் மிச்சம்.

மூடியின் உட்புறத்தில் ஏழு துண்டு வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் கோழி கிண்டியதுபோல் பிரெஞ்சுக் கூட்டெழுத்து.

எழுதியவர் எங்கள் கல்லூரி உதைபந்தாட்டக் கோச். போட்டிகள் தொடங்குமுன் ஆகஸ்டில் ஏழு நாள் பயிற்சி வைப்பார். முப்பத்தாறு பேர் சோடி சோடியாக ஓடுவோம். இருபத்திரண்டு பேர் மிஞ்சுவோம். பாராட்டெல்லாம் செப்டம்பரில்தான், ஆகஸ்டில் பிழை மட்டும் என்பது அவர் கொள்கை. ஒருமுறை ஒருவன் அந்தரத்தில் சுழன்று கோல் அடித்தான். எல்லோரும் கைதட்டினோம். கோச் அவன் முதுகில் எழுதியது ஒரே சொல்: "பிந்திவிட்டாய்."

ஆம், முதுகில்தான். முதல் அரைமணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். பிறகு ஆளுக்கொரு பிழையை டேப்பில் எழுதி முதுகில் ஒட்டிவிடுவார். பயிற்சி முடியும்வரை உரிக்கக் கூடாது. உன் முதுகை உன் சோடிதான் வாசித்துச் சொல்லவேண்டும்; மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. அன்றைய பிழையை அன்றே திருத்தவேண்டும். வாயால் ஆங்கிலம் பேசுகிற மனிதர், குறைகளை மட்டும் பிரெஞ்சில் எழுதினார்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து இந்தப் பிரெஞ்சு பேசும் நகரத்துக்கு வந்து எட்டு மாதம். வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்ததால் அங்கே சமாளித்தேன். பிரெஞ்சில் எனக்குத் தெரிந்தது "போன்ஜூர்", "மெர்சி", மெட்ரோ ஸ்டேசன்களின் பெயர்கள். அந்தக் கல்லூரியில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. அணியில் சேர்ந்தால் இருபத்தொரு பேர் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

என் சோடி யூட். மன்னார்க்காரன், மூன்று வயதில் இங்கே வந்து செயின்ட்-மிஷேலில் பிரெஞ்சு பேசி வளர்ந்தவன். முந்தைய வருடம் கடைசி நாளில் கழிக்கப்பட்டு, மறுபடி வந்திருந்தான். அவனுக்கும் அந்த இடம் வேண்டும். முதல் நாள் அவன் முதுகை எழுத்துக்கூட்டிப் பார்த்து நான் முழித்தேன்.

"என்னடா போட்டிருக்கு?"

"முதல் எழுத்து டி போலக் கிடக்கு."

"கடைசி எழுத்துக்கு வர பனி கொட்டத் தொடங்கீடும். விடு மச்சான், முடிய உரிச்சுப் பாக்கிறன். நீ திரும்பு, உன்ரய வாசிப்பம்."

வாசித்தான். "திரும்பேக்க காலைச் சின்னனா வையாம்." அடுத்த நாள்: "பந்து வருமெண்டு நிக்காதையாம், நீ போ." அதற்கடுத்த நாள்: "குனிஞ்சு ஓடாத, தலையை நிமித்து." அவன் சொன்னதைச் செய்தேன். இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லித்தருகிற கோச் எங்கே கிடைப்பார் என்று டேப்புகளைப் பெட்டி மூடியில் ஒட்டிப் பத்திரப்படுத்தினேன்.

ஏழாம் நாள் பயிற்சி முடிய உடைமாற்றும் அறைக் கதவில் பட்டியல் தொங்கியது. இருபத்திரண்டாவது பெயர் என்னுடையது. யூட் இல்லை. அவன் காரணம் கேட்டபோது பக்கத்தில் நின்றேன். "நல்ல ஆட்டக்காரன் நீ. ஆனால் இன்றைய பிழையை நாளைக்குத்தான் திருத்துகிறாய்" என்றார் கோச்.

அவனுக்கு வாசித்துச் சொல்ல ஆளில்லாததுதான் காரணம் என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் போதுமான அளவு தெரியும். சொன்னால் என் பெயரை வெட்டிவிடுவாரோ என்ற பயம். சொல்லவில்லை.

"விடு மச்சான், வெறும் முதுகோட திரியிறதும் சுகந்தான்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனான் யூட். அந்தப் பருவம் முழுக்க நான் பெஞ்சை மிகத் திறமையாகக் காத்தேன்.

பெட்டியை மேலே கொண்டுவந்து மகளிடம் காட்டி, கோச்சின் மகிமையையும் யூட் வாசித்துச் சொன்னவற்றையும் எடுத்துச் சொன்னேன். பிரெஞ்சில் கனவு காண்கிற பிள்ளை அவள். இரண்டாவது டேப்பிலேயே சிரிக்கத் தொடங்கினாள்.

"அப்பா, இதில அப்பிடி ஒண்டும் இல்லை. 'வளைஞ்ச படியால இறக்கிற ஃபிரிட்ஜ் மாதிரித் திரும்புறான்' எண்டு கிடக்கு. இது, 'ஜனவரியில பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரிப் பந்துக்கு நிக்கிறான்.' மற்றது, 'விழுந்த கையுறையைத் தேடுறானோ?'"

ஏழும் அப்படித்தான். பெட்டி நாலு வீடு மாறியும் நான் திறந்து பார்க்கவில்லை. பிரெஞ்சு படித்த பிறகும். கோச் எழுதியது வசை. அதை ஓடிக்கொண்டே எனக்குப் பயிற்சியாக மாற்றித் தந்தவன் யூட்.

அந்த மைதானத்தில் இப்போது செயற்கைப் புல். பையன்கள் தங்கள் பிழையைத் தாங்களே டேப்லெட்டில் பார்த்துக்கொள்கிறார்கள். முதுகு வாசிக்க ஆள் தேவையில்லை. கோச் காலமாகிவிட்டார். யூட் ரொறன்ரோ போனதாகக் கேள்வி; என்னிடமிருந்த நம்பரில் இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள்.

"அந்த அங்கிளின்ர முதுகில என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டாள் மகள்.

ஏழு நாளும் அந்த முதுகுக்குப் பின்னால்தான் ஓடினேன். தெரியாது என்றேன்.