சூசையின் ஏழாம் நாள் இரத்தம்

சூசையைக் கொன்றது நான். கயிறு பிடித்த அந்தோணி அல்ல.

எழுபதுகளின் நடுவில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். நிலவேம்பிலிருந்து வடித்த சாறு மலேரியாவைத் தீர்க்குமா என்று எங்கள் பேராசிரியர் சோதித்துக்கொண்டிருந்தார். தூத்துக்குடிக் கடற்கரைக் குடியிருப்பில் காய்ச்சல்காரர்களுக்கு அதைக் கொடுப்பதும், ஏழாம் நாள் விரலில் குத்தி இரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதும் என் பொறுப்பு.

சூசை சங்கு குளிக்கிறவர். மலேரியா ஊழியர் தரும் மாத்திரையை விழுங்க வேண்டாம் என்று அவரிடம் சொன்னவனும் நான்தான். இரண்டும் சேர்ந்தால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போய்விடுமே! அந்த மனிதர் அப்படியே கேட்டார். அந்தக் கசப்பை முகம் சுளிக்காமல் குடித்தார். என்னை அவ்வளவு நம்பினார்.

ஏழாம் நாள் அவர் இரத்தத்தில் கிருமி இருந்தது. மூன்று முறை பார்த்தேன்... இருந்தது. பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன்? மற்ற எல்லோருக்கும் குணமாகியிருந்தது. இவர் ஒருவர் கெடுக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் வந்தது, நம்புவீர்களா? கட்டுரையில் என் பெயரும் வரும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். ஆசை கண்ணை மறைத்தது என்று சொன்னால் அதுவும் பொய். கண் நன்றாகத்தான் தெரிந்தது!

"சார், கடல்ல எறங்கலாமா? இன்னைக்கு ஒடம்பு லேசா இருக்கு" என்று கேட்டார் சூசை.

அது முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கும். இடைப்பட்ட நாளில் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். எனக்குத் தெரியும்.

"தாராளமா எறங்குங்க" என்றேன்.

மறுநாள் நீருக்கடியில் நடுக்கம் கண்டிருக்க வேண்டும். கயிற்றை அசைத்துச் சைகை காட்டக்கூட அவரால் முடியவில்லை. வள்ளத்தில் இழுத்துப் போட்டபோது மூச்சு இல்லை.

அங்கே குளிக்கிறவருக்கு வள்ளத்திலிருந்து கயிறு பிடிப்பவன் மனைவியின் உடன்பிறந்தவன். அக்காள் தாலியை அவன் விட்டுவிட மாட்டான் என்ற நம்பிக்கை. அதனாலேயே பழி முழுவதும் அந்தோணி மேல் விழுந்தது.

"ஏலே, எங்கலே பராக்குப் பாத்துக்கிட்டு இருந்த? ஒன்ன நம்பித்தானலே அவர அனுப்புனேன்!" கரையில் சூசையின் மனைவி ரோசம்மாள் தம்பியின் நெஞ்சில் அறைந்தாள். அவன் அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு நின்றான். நானும் நின்றேன். அடக்கம் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு கட்டுரை அச்சாகிவிட்டது.

ரோசம்மாள் அவனை வீட்டுப் படி ஏறவிடவில்லை. அவன் கடலை விட்டு உப்பளத்துக்கு வேலைக்குப் போனான்.

இரண்டு வருடம் கழித்து உப்பளத்துச் சாலையில் அவனே என்னை நிறுத்தினான். மெலிந்திருந்தான்.

"சார், ஒண்ணு கேக்கணும். மச்சானுக்கு ஒருவேள காய்ச்சல் மிச்சம் இருந்திருக்குமோ? தண்ணிக்குள்ள நடுக்கம் வந்திருக்குமோ?"

ஒரே ஒரு சொல் போதும். அவன் அக்காள் அவனுக்குத் திரும்பக் கிடைத்திருப்பாள். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான், ஐயோ!

"இல்லை அந்தோணி. அவருக்குச் சுத்தமாகக் குணமாகியிருந்தது."

"அப்ப நாந்தான் சார்" என்றான். எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு நடந்தான்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அந்தோணி இன்று உயிரோடு இருக்கிறானா என்று நான் விசாரிக்கவில்லை. இருந்தால் போய்ச் சொல்ல வேண்டுமே!