கம்பெனிக்காரன் போட்ட எக்ஸ்ட்ரா

தெருவில் அவரை இன்ஜினியர் என்று கூப்பிடுவார்கள். கிண்டல்தான். பாவம், மனுஷன் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். பிழைப்பு என்னவோ, மரச்சாமான் கடையின் சோபாவையும் கட்டிலையும் பிக்கப் வண்டியில் ஏற்றி வீடுவீடாக இறக்குவது. ஆனால் பேச்சைக் கேட்டால் வண்டியையே இவர்தான் கண்டுபிடித்தார் என்று தோன்றும்.

எதையும் அவரே கழற்றுவார், அவரே மாட்டுவார். மாட்டி முடித்ததும் தரையில் ஏதாவது மிச்சம் கிடக்கும். ஒரு ஸ்க்ரூ, ஒரு ஸ்பிரிங், சில நாள் உள்ளங்கை அகலத் தகடு. "கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா போட்டிருக்கான்" என்பார், கொஞ்சமும் கூசாமல். வேடிக்கை என்னவென்றால், அவர் மாட்டிய சாமான் முதலில் மக்கர் பண்ணும், ரெண்டு நாளில் ஒழுங்காக ஓடும். "மெஷின்னா செட்டாக டைம் எடுக்கும்" என்று தெருவுக்கே பாடம் நடத்துவார்.

மனைவியின் அண்ணன் நிஜமாகவே மெக்கானிக். அடுத்த தெருவில் பட்டறை. இன்ஜினியருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. போன வாரம் வீட்டு விருந்தில், அத்தனை உறவுக்கும் நடுவே, "மச்சானுக்கு ஸ்பேனருக்கும் ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியுமா?" என்று கேட்டுவைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் தலையைக் குனிந்து சாப்பிட்டார். மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

இந்த வாரம் வண்டியின் மீட்டரில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கோளாறு காட்டும் கருவியைச் சொருகிப் பார்த்து, "பெட்ரோல் டேங்க்ல பிரஷர் சென்சார் போச்சு" என்றார். மரச்சாமான் கடை முதலாளி ஒரே போடாகப் போட்டார். "விளக்கு எரியற வண்டியில என் சரக்கு ஏறாது. திங்கட்கிழமை வரைக்கும் பாப்பேன், அப்புறம் வேற வண்டி." இருப்பதே அந்த ஒரு வாடிக்கைதான். அது போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் கடை விரித்தார். டேங்குக்கு ஜாக்கி முட்டுக்கொடுத்து, பட்டையைக் கழற்றி, மெல்ல இறக்கி, மேலே இருந்த பழைய சென்சாரைப் பிடுங்கினார். அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்தது. கடையில் வாங்கிவந்த புதியதை அப்படியே அழுத்திச் சொருகினார். அட்டைப்பெட்டியில், கசிவை அடைக்கும் புது வளையம் ஒன்று பாக்கி இருந்தது.

"பாத்தியா, இதுலயும் எக்ஸ்ட்ரா!" என்று மனைவியிடம் காட்டினார். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

டேங்கை ஏற்றி, சாவியைத் திருப்பினார். விளக்கு இல்லை. அடேயப்பா, என்ன ஆட்டம்! தெரு முழுக்கக் கேட்கும்படி ஹாரன் அடித்தார். திங்கட்கிழமை காலை கடைக்குக் கிளம்பினார். பாதி வழியில் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. மஞ்சள் விளக்கு மறுபடி பல்லை இளித்தது.

திரும்பி வந்து படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்பவும் நான் மாட்டினா ரெண்டு நாள்ல சரியாயிடுமே. இதுக்கு மட்டும் என்னடி ஆச்சு?"

"இதுக்கு மட்டும் நான் அண்ணனைக் கூப்பிடலை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்போ... மிக்ஸி?"

"அண்ணன்."

"தண்ணி மோட்டார்?"

"அதுவும் அண்ணன்தான். நீங்க வெளிய போனதும் வருவாரு. நீங்க எக்ஸ்ட்ரான்னு தூக்கிப் போட்டதைப் பொறுக்கி மாட்டிட்டுப் போவாரு. மாப்பிள்ளைகிட்ட சொல்லாதே, மனசு கஷ்டப்படும்னு சொன்னதும் அவருதான்."

அவமானம் அவருக்குக் காதுவரை சுட்டது. விருந்தில் தாம் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்து, எங்கே ஓடி ஒளியலாம் என்றிருந்தது.

"இப்போ கூப்பிட்டா வருவாரா?"

"வருவாரு. நீங்க கூப்பிடுங்க." தன் போனில் எண்ணைப் போட்டு அவர் கையில் திணித்தாள்.

"சொல்லும்மா" என்றது மறுமுனை.

வாய்கிழியப் பேசும் இன்ஜினியர் போனை மனைவி பக்கம் நீட்டினார். வாங்கிப் பேசிவிடுவாள் என்று பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான்தான், மச்சான்" என்றார். வாசலில் கிடந்த அட்டைப்பெட்டியிலிருந்து அந்த எக்ஸ்ட்ரா வளையத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.