பதினான்காவது ஸ்லைடில் என் மகன்

இன்று காலை கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போகும் கொமுட்டர் ரயிலில் கணவரின் தங்கை தர்ஷினியும் என்னோடு வந்தாள். நான் படித்த அதே தொடர்பியல் துறையில்தான் இப்போது அவளும் படிக்கிறாள். பரீட்சைக்கு ஸ்லைடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

"அண்ணி, இந்தக் கூத்தப் பாருங்களேன். பிள்ளைக்கு இருமல் நிக்க சாக்ஸுக்குள்ள வெங்காயம் வைக்கணுமாம் லா!"

பார்த்தேன். ‘பதற்றமான தாய்மார்கள் பொய்ச்செய்தியைப் பரப்புவது எப்படி?’ என்று தலைப்பு. கீழே ஒரு வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட். பெயரை மறைத்திருந்தார்கள். ஆனால் மேலே சின்ன வட்டத்துக்குள், நான் ப்ரொஃபைல் படமாக வைத்திருக்கும் என் மகன், தீபாவளி ஜிப்பாவில்.

போன மாதம் என் பழைய விரிவுரையாளருக்கு நான் அனுப்பியது அது. எனக்கு வந்த அந்த வெங்காயச் செய்தியை அனுப்பிவிட்டு, "மேடம், இது உண்மையா? ரெண்டு நாளா தூங்கல, பயமா இருக்கு" என்று கேட்டிருந்தேன். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

ஸ்லைடில் என் கேள்வியை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

வட்டத்தைத் தொட்டுக் காட்டினேன். தர்ஷினியின் முகம் மாறிவிட்டது. "ஐயோ, நம்ம கவினா இது? மூணு லெக்சரரும் இதே ஸ்லைடதான் அண்ணி காட்டுறாங்க."

ஒருவர் சொன்னதைப் பாதியில் வெட்டினால் அதுவும் பொய்தான் என்று முதல் வகுப்பிலேயே எங்களுக்குச் சொன்னவர் அந்த மேடம். அதை நோட்டில் அடிக்கோடிட்டு வைத்தவள் நான்.

கவினுக்கு மறுபடியும் இருமல். கிள்ளானில் நல்ல குழந்தை டாக்டர் தெரிந்தால் சொல்லுங்கள். தயவுசெய்து ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுக்காதீர்கள்.