அப்பா மரம் எறிந்த நாள்

எங்கள் அப்பாவுக்குத் தூக்கத் தெரியும், எறியத் தெரியாது என்பதைக் கிங்ஸ்பரிப் பூங்காவில் அத்தனை சனத்துக்கு நடுவில்தான் கண்டுகொண்டேன்.

அந்த வருடம், நாங்கள் குடியேறிய அந்த வெளிநாட்டு ஊரின் கோயிலில் திருவிழாவுக்குச் சாமியைத் தோளில் காவும் ஆட்களைத் தெரிவுசெய்தபோது அப்பாவை விட்டுவிட்டார்கள். "இனித் தம்பிமார் காவட்டும் அண்ணை, நீங்கள் முன்னாலை நில்லுங்கோ" என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்த மரியாதைதான் அவரைச் சுட்டது. நான் பிறக்கும் முன்பிருந்தே சாமியைத் தாங்கும் முன்மரத்தின் வலதுபக்கம் அவருடைய தோளுக்குரியது.

அப்போதுதான் பூங்காவில் ஸ்கொட்லாந்து விளையாட்டு விழா என்றும், யாரும் வந்து முயன்று பார்க்கலாம் என்றும் கேள்விப்பட்டார். அங்கே கேபர் எறிதல் என்று ஒரு போட்டி; கேபர் என்பது கிளை சீவிய நீண்ட மரம். அதை நட்டமாக நிமிர்த்தித் தூக்கித் தோளில் சாய்த்தபடி ஓடி, மேல்நுனி நிலத்தில் குத்தி மறுபக்கம் புரண்டு விழும்படி எறியவேண்டும். அதைச் செய்துகாட்டினால் கோயிலில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்பது அப்பாவின் எண்ணம். இடுப்புப் பிடித்தால் எண்ணெய் தேய்க்க வரமாட்டேன் என்று சொன்ன அம்மா, எண்ணெய்ப் போத்தலைப் பையில் வைத்துக்கொண்டுதான் புறப்பட்டார்.

கட்டம் போட்ட பாவாடை கட்டிய நடுவர், புதியவர்களுக்கான சின்ன மரத்தைக் காட்டினார். அப்பா சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மரம் எழும்பியது. அப்பா ஓடினார். எறியவேண்டிய இடம் வந்ததும் நின்று, முழங்காலை மடக்கி, பச்சைப்பிள்ளையை இறக்குவதுபோல மரத்தை நட்டமாகவே நிலத்தில் வைத்தார். நடுவர் கையால் எறிந்து காட்டினார். அப்பா தலையாட்டினார். இரண்டாம் முறையும் அதே ஓட்டம், அதே இறக்கம். காவியது நிலத்தில் அதிரக்கூடாது என்று பழகிய கை, மூளை சொன்னால் கேட்குமா?

அம்மா கிட்டப் போய், காணும், இவ்வளவு போதும், வாங்கோ என்றார்.

"இன்னும் ஒருதரம் இருக்கு. எறியாமல் நான் வரமாட்டன்" என்றார் அப்பா. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

மூன்றாம் முறையும் அவருடைய முழங்கால் மடங்கத் தொடங்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை. பார்ப்பவர்களுக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: "அப்பா, அது சாமியில்லை. கையை விடுங்கோ!"

விட்டார். நுனி குத்தி, ஒரு கணம் யோசித்து நின்று, மரம் மறுபக்கம் நேராக விழுந்தது. சிரித்தவர்களே கைதட்டினார்கள். அப்பா விழுந்த மரத்தடிக்குப் போய்க் குனிந்து, மறுபடியும் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. வென்ற சந்தோஷம் என்று நினைத்தேன்.

இந்தக் கதை அப்பாவுக்கு முன்பே கோயிலுக்குப் போய்விட்டது. திருவிழாவன்று அதே ஆட்கள் வந்து அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். அப்பா தன் பழைய இடத்தில் தோள் கொடுத்து வாசல்வரை காவினார். வாசலில் ஒரு பெடியனைக் கூப்பிட்டு, அவனுடைய தோளில் மரம் சரியாக அமரும்வரை பார்த்திருந்து, பிறகு விலகிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. இதற்காகவா அவ்வளவு பாடுபட்டார் என்று அம்மாவிடம் சண்டை பிடித்தேன். தூக்கமுடியும் என்று காட்டத்தான் அவர் பூங்காவுக்குப் போனார். அது எனக்குத் தெரியும். அங்கே அவர் கடைசியில் பழகியது வேறொன்று என்பதும், அதைக் கயிற்றுக்கு வெளியே நின்று சொல்லிக்கொடுத்தவள் நான்தான் என்பதும் அந்த வயதில் தெரியாது.