கறுப்பு காரும் சோத்தாங்கையும்

கறுப்பு கார் வேணாம்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டாதானே? தொண்ணூறுகளோட கடைசியில ஒரு பழைய அம்பாசிடரை ஓட்டிக்கினு வந்து வாசல்ல நிறுத்தினாரு என் வீட்டுக்காரர். நல்ல கறுப்பு. கல்பாக்கத்துல, கடல் காத்து ஓயாத ஊர்ல, அந்தக் கலர்! வெள்ளை காருன்னா தூசி தெரியாது, கீறல் தெரியாது. கறுப்புல ஈ உட்கார்ந்து எழுந்தாக்கூடத் தெரியும்.

"கறுப்புலதான்டி பளபளப்பு ஏறும். வெள்ளைக்கு என்ன பண்ணாலும் அது வெள்ளைதான்"னு ஒரே பிடியா நின்னாரு.

அவருக்கு அங்க அணுமின் நிலையத்து வொர்க்‌ஷாப்புல டெக்னீசியன் வேலை. எனக்குச் செங்கல்பட்டுல ஒரு ஆபீஸ்ல டைப்பிஸ்ட் வேலை. காலையில பஸ் பிடிச்சேன்னா இருட்டுற நேரத்துக்குத்தான் வூடு. எங்களுக்கு ஒரே பொண்ணு. ஞாயித்துக்கிழமையானா எல்லாரும் மகாபலிபுரம் பீச்சுக்குக் கிளம்புவாங்க. இவர் மட்டும் குவார்ட்டர்ஸ் பின்னால தகரக் கூரை போட்ட ஷெட்டுல காரோட கிடப்பாரு.

காருக்கு வேக்ஸ் போடறதை ஒரு பூஜை மாதிரிதான் செய்வாரு. முதல்ல தண்ணி ஊத்தி உப்பைக் கழுவணும். கடலோர ஊர்ல ராத்திரியிலயே உப்புப் படிஞ்சிடும், அதோட சேர்த்துத் தேய்ச்சா பெயிண்ட் நாசம். நல்லா துடைச்சுக் காய வெச்சதும், டப்பாவுல இருக்கிற வேக்ஸை ஈர ஸ்பாஞ்சால தொட்டு, பூசினோமா இல்லையான்னு சந்தேகம் வர்ற அளவுக்கு மெல்லிசா பூசணும். வெள்ளையா பூத்துக் காஞ்சதும் பழைய பனியன் துணியால துடைச்செடுக்கணும். அன்னிக்கு அவ்ளோதான். அதுமேல அடுத்த பூச்சு மறுநாள். அவசரப்பட்டு மொத்தையா அப்பினா காயாது, திட்டுத் திட்டா நிக்கும். ஒரு பூச்சுல ஒண்ணும் பெரிசா தெரியாது. பூச்சு மேல பூச்சு ஏற ஏறத்தான் அந்தக் கறுப்புக்குள்ள ஒரு ஆழம் வரும். கிணத்தை எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். அதை நானும் ஒத்துக்கணும்.

ரெண்டாயிரம் பிறந்து சில வருஷம் போயிருந்துச்சு. பொண்ணுக்கு நிச்சயம் பண்ணி, தை மாசம் கல்யாணம்னு முடிவாச்சு. அந்தச் சந்தோஷம் அடங்கறதுக்குள்ள இவருக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. கடவுள் புண்ணியம், உசுருக்கு ஒண்ணும் ஆகல. பேச்சு திரும்பிடுச்சு. காலும் கொஞ்சம் கொஞ்சமா தேறுச்சு. வலது கைதான் அப்படியே நின்னுபோச்சு. பிசியோதெரபி பண்ற அம்மா ஒவ்வொரு விரலா மடக்கி, "வலிக்குதா சார்?"னு கேட்டாங்க.

"வலிச்சா தேவலையேம்மா. எவனோ கையைக் கொண்டாந்து என் தோள்ல மாட்டிவுட்ட மாதிரி கீது"ன்னாரு.

எங்க பக்கம் வலது கையைச் சோத்தாங்கைன்னும் இடது கையைப் பீச்சாங்கைன்னும் சொல்வாங்க. ஏன்னு விளக்கம் வேணாம். பீச்சாங்கையால ஒரு வெத்தலையை நீட்டினாலே முகம் சுளிப்பாங்க. கல்யாணத்துல தாரை வார்க்கிறப்போ அப்பாதான் பொண்ணோட கையைப் பிடிச்சு மாப்பிள்ளை கையில வைக்கணும், அம்மா மேல தண்ணி ஊத்தணும். இவருக்கு ராப்பகலா அதே நினைப்பு. "பீச்சாங்கையாலயா என் பொண்ணைக் குடுப்பேன்? அதுக்கு நான் மண்டபத்துக்கே வராம இருந்துடறேன்"னு ஒரு நாள் சொல்லிட்டாரு. "எந்தக் கையா இருந்தா இன்னாப்பா, உன் கைதானே"ன்னு பொண்ணு அழுதுச்சு. அவர் காதுலயே வாங்கல.

அமுக்கிப் பழகச் சொல்லி ஒரு ரப்பர் பந்து குடுத்தாங்க. "நான் இன்னா கொழந்தையா?"ன்னு அதைக் கட்டிலுக்கு அடியில உருட்டிவிட்டாரு. அந்த அம்மா கோவிச்சுக்கல. "பந்து பிடிக்கலைன்னா விடுங்க சார். உங்களுக்குப் பிடிச்ச வேலை எதுவோ அதை அந்தக் கையால செய்யுங்க. தேய்க்கிறது, துடைக்கிறது, எதுவா இருந்தாலும் சரி. தினம் செய்யுங்க"ன்னாங்க.

வேற எது? காருதான்.

நான் ஆபீசுக்குக் கிளம்பினதும் அவர் ஷெட்டுக்குப் போயிடுவாரு. சாயங்காலம் நான் வந்ததும் வராததுமா ஷெட்டு லைட்டைப் போட்டுப் பார்ப்பேன். முதல்ல பானெட்டு மினுமினுத்துச்சு. அப்புறம் முன்பக்கக் கதவு. வாரம் போகப் போக என் நெத்திப் பொட்டு அதுல தெளிவா தெரிஞ்சுது. என் சந்தோஷத்தைக் கேக்கணுமா? கார் பளபளக்கப் பளபளக்க கை தேறிக்கினு வருதுன்னு நான் கணக்குப் போட்டுட்டேன். சோத்தை மட்டும் இன்னும் இடது கையில ஸ்பூன் பிடிச்சுத்தான் சாப்பிட்டாரு. கேட்டா, "தேய்க்கிறது வேற, பிசைஞ்சு சாப்பிடறது வேற. அதுக்கு நாளாவும்"னாரு. நம்பினேன். பஸ்ல பக்கத்துல உட்கார்றவங்க கிட்டயெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சேன்.

மார்கழி மாசம் ஒரு நாள் காலையில, மகாபலிபுரத்துல இருக்கிற என் சின்னம்மாவுக்குப் பத்திரிகை வைக்கப் போனோம். ஒரு ஆக்டிங் டிரைவரை வெச்சுக்கிட்டோம். பத்திரிகைத் தட்டை நான்தான் நீட்டினேன், இவர் பக்கத்துல நின்னு சிரிச்சாரு. காபி குடிச்சிட்டு வெளிய வந்தா, வெயில் கடல் பக்கமிருந்து சாய்வா பானெட்டு மேல விழுந்துகினு இருந்துச்சு. கறுப்பு பெயிண்ட்டோட குணம் அது. நிழல்ல ஒண்ணும் சொல்லாது, சாய்வெயில்ல எல்லாத்தையும் கக்கிடும். துணி போன தடம் மொத்தமும் மெல்லிசா மின்னுச்சு. வைப்பர் போற மாதிரி வளைவு வளைவா.

அழகாத்தான் இருந்துச்சு. சும்மா அந்த வளைவு மேல என் வலது கையை வெச்சு ஓட்டிப் பார்த்தேன். என் கை ஒரு பக்கம் வளையுது, கோடு இன்னொரு பக்கம் வளையுது. எப்படி நின்னு ஓட்டினாலும் ஒட்டல. இடது கையை வெச்சேன். எண்ணெய் போட்ட மாதிரி அதே தடத்துல போச்சு. அப்போ இத்தனை நாளும் துடைச்சது பீச்சாங்கை. கதவுல பார்த்தேன். அங்கயும் அதே கதைதான்.

காருக்குள்ள ஏறிக் கதவைச் சாத்தினேன். "எத்தனை நாளா இந்த நாடகம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

"உங்களைத்தான் கேக்கறேன். யாரை ஏமாத்தறீங்க? கல்யாணத்துக்கு நாள் நெருங்கிடுச்சு. அன்னிக்கு மேடையில உங்க கைக்குப் பதிலா இந்த காரையா கொண்டுபோய் நிறுத்தறது?"

டிரைவர் பாவம், "அண்ணாத்த, டயர்ல காத்து பார்த்துட்டு வந்துடறேன்"னு இறங்கினவர் டயர் பக்கமே போகல. நேரா டீக்கடைக்குப் போயிட்டாரு.

இவர் மெதுவா சொன்னாரு. "சோத்தாங்கையில துணி நிக்கலடி. விழுது. குனிஞ்சு எடுக்கறேன், மறுபடி விழுது. முதல் நாள் பூரா அதுதான் நடந்துச்சு. பேஜாராப்போய் பீச்சாங்கையால துடைச்சு வெச்சேன். நீ வந்து லைட்டைப் போட்டுப் பார்த்துச் சிரிச்ச. அந்த ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் நீ சிரிச்சதே அன்னிக்குத்தான். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

அதைக் கேட்டு மனசு இளகியிருக்கணும். எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு. அழுகையும் சேர்ந்து வந்துச்சு. வீடு வந்து சேர்ற வரைக்கும் பேசல. அன்னிக்குச் சாயங்காலம் அவரே, "உங்க அண்ணனையே தாரை வார்த்துக் குடுக்கச் சொல்லிடு"ன்னாரு. நானும் வீம்புக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அண்ணனும் அண்ணியும் சேர்ந்து மேடை ஏறறதுன்னு பேச்சு முடிஞ்சுது.

அதோட கார் விவகாரம் தீர்ந்ததுன்னு நினைச்சேன். பானெட்டுல உப்பு படிஞ்சு கறுப்பு சாம்பலாச்சு. பொட்டு தெரிஞ்ச கதவுல இப்போ முகமே தெரியல. நான் ஷெட்டு லைட்டைப் போடறதை விட்டுட்டேன். கல்யாணத்துக்கு லீவு போடற வரைக்கும் தினம் ஆபீஸ்தான், பகல்ல அவர் என்ன பண்றாருன்னும் கேக்கல. கேட்டு என்ன ஆவப்போவுது?

கல்யாணம் செங்கல்பட்டுல ஒரு மண்டபத்துல. அன்னிக்கு விடிஞ்சும் விடியாததுமா அதே டிரைவர் வந்து, காரை மேலாக்க கழுவிப் பூ கட்டறதுக்காக ஷெட்டுலருந்து பின்பக்கமா எடுத்தாரு. வழக்கமா அந்தக் காரோட இடது பக்கம் ஷெட்டுச் சுவரை ஒட்டித்தான் நிக்கும். நடுவுல ஒரு ஆள் ஒடுங்கி நிக்கத்தான் இடம். யாரும் அந்தப் பக்கம் போறதில்ல.

"அக்கா, இங்க வந்து பாரேன். பின்கதவு பூரா யாரோ மாவைத் தடவி வெச்சிருக்காங்க"ன்னாரு.

போய்ப் பார்த்தேன். வேக்ஸ். அங்கங்க மொத்தையா அப்பிக் காஞ்சு வெள்ளையா நின்னுச்சு. சில இடத்துல துடைச்சு, பாதியில விட்டு, அதுமேல திரும்பப் பூசியிருந்துச்சு. ஒரு நாள் வேலை இல்ல அது. அடிப்பூச்சு மங்கி, அதுமேல ஒண்ணு, அதுமேல இன்னொண்ணு. துணி பிடிக்க வராம விரலாலயே பூசியிருக்காரு. கை கீழ சரியாம இருக்க கதவுல ஊனின உள்ளங்கைத் தடம் அப்படியே பதிஞ்சிருந்துச்சு. நான் அதுமேல என் வலது கையை வெச்சேன். கட்டை விரலு கட்டை விரல் மேல உட்கார்ந்துச்சு. சோத்தாங்கையேதான்.

"பொண்ணு ஏறற வண்டி, அசிங்கமா கீதுக்கா. துடைச்சிடட்டுமா?"

"தொட்ட, கையை ஒடிச்சிடுவேன்"னேன். டிரைவர் துணியைக் கீழ போட்டுட்டாரு.

மண்டபத்துக்குப் போனதும் அண்ணனை ஓரமா கூப்பிட்டுச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை கேக்கல. "அதான் சரி. அவர்தான் நிக்கணும்"னு அண்ணியோட கீழ போய் உட்கார்ந்துக்கிட்டாரு. ஐயர் "பொண்ணைப் பெத்தவா வாங்கோ"ன்னு கூப்பிட்டப்போ இவர் அசையல. என்னைப் பார்த்தாரு. நான், "வாங்க, வாங்க. நேரமாவுது"ன்னு அதட்டினேன். எழுந்து வந்தாரு.

வலது கையை இடது கையால தூக்கிக் கொண்டுவந்து பொண்ணு கைமேல வெச்சாரு. அப்புறம் இடது கையை எடுத்துட்டாரு. விரலு ஒவ்வொண்ணா, மெதுவா, மடங்குச்சு. நகத்தோரமெல்லாம் வெள்ளையா வேக்ஸ், சோப்புக்குக்கூடப் போகல. கையைத் தூக்கி மாப்பிள்ளை கையில வைக்கறதுக்குள்ள அந்த நடுக்கத்துல பொண்ணோட வளையல் எல்லாம் கலகலன்னு ஆடுச்சு. மேளத்துக்கு நடுவுலயும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு. முன்வரிசையில மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்தாங்க. பார்க்கட்டும்.

நான் செம்பைச் சாய்க்காம அந்தக் கையையே பார்த்துக்கினு நின்னுட்டேன்.

"சீக்கிரம் ஊத்துடி"ன்னாரு என் காதோரமா. "கை வலிக்குது."