மாக்கிறட் எழுத விடாத சொல்

மாக்கிறட் இருந்திருந்தால் இன்றைக்கு அறுபது வயது. மாசியில் நெஞ்சு நோகுதென்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதனால் பிறந்தநாள் பூசைக்கு மகள் சுஜாந்தி மட்டும் விடிய எழும்பிக் கோயிலுக்கு நடந்தாள். ஆடி மாதத்துக் கண்டக்குழி ஊரில் வாயைத் திறந்தால் கச்சான் காற்று மணலை அள்ளிப் போடும். அவளுக்கு வாய் திறக்கும் தேவையும் இல்லை. வீட்டில் கதைக்க ஆளில்லாமல் ஐந்து மாதம்.

வழி நெடுக ஒரே யோசனைதான். அம்மா கடைசிவரை எழுத விடாத அந்தச் சொல்லை இன்றைக்கு எழுதிவிட வேண்டும்.

அது என்ன சொல் என்றால், மாக்கிறட்டின் கதையைத்தான் சொல்ல வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு, சுஜாந்திக்கு இரண்டு வயது. தகப்பன் நிக்கொலஸ் கடலுக்குப் போனார். போனவர்தான். வள்ளமும் இல்லை, ஆளும் இல்லை, ஒரு பலகைத் துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை. சிலர் புயல் என்றார்கள். சிலர் சண்டைக் காலமல்லவா என்று குரலைத் தாழ்த்தினார்கள். மாக்கிறட் துக்கத்துக்குக் கறுப்பு உடுக்கவில்லை. கரைக்குப் போய், வந்து சேரும் வள்ளங்களை மணலில் இழுத்தேற்றக் கை கொடுத்தாள். அதற்குக் கிடைத்த கறிமீனில் பிள்ளையை வளர்த்தாள். மீன் படாத மாதங்களில் எத்தாளைத் தோட்டங்களில் வெங்காயத்துக்குக் களை பிடுங்கினாள்.

வருடா வருடம் தன் பிறந்தநாளன்று ஒரு பூசை ஒப்புக்கொடுப்பாள். பூசையில் வாசிக்க அவள் எழுதுவிக்கும் கருத்து என்ன? "நிக்கொலஸ் சுகமாக வந்து சேர." பூசை வைக்கும் சுவாமி அதை வாசிக்கும்போது பின் வாங்கில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஊர் வாயைப் பூட்டவா முடியும்? சுஜாந்திக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். வளர்ந்த பிறகு அவள் அந்தப் பூசைக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

சண்டை முடிந்ததும், காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று அரசாங்கக் கந்தோரில் இருந்து ஒருவர் வந்தார். மாக்கிறட் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "செத்தவர் எண்டு நான் கையெழுத்து வச்சா, நாளைக்கு வந்து நிக்கிற மனுசன் எங்க போறது, ஐயா?"

அதோடு விட்டாளா? சுஜாந்திக்கு நுரைச்சோலையில் ஒரு நல்ல இடம் பொருந்தி வந்தது. கலியாணத்துக்கு முன் கோயிலில் இரு வீட்டார் பேரையும் சொல்லி ஓலை வாசிக்க வேண்டும். "காலஞ்சென்ற நிக்கொலஸின் மகள்" என்று வாசிக்கச் சொன்னார்கள் மாப்பிள்ளை வீட்டார். மாக்கிறட் முடியாதென்று நின்றாள்.

"செத்தவரெண்டாச் சொல்லுங்கோ, ஓடினவரெண்டாச் சொல்லுங்கோ," என்றாள் மாப்பிள்ளையின் தாய். "ரெண்டும் இல்லாட்டி நாங்க சனத்துக்கு என்னத்தச் சொல்ற?"

சுஜாந்தி காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஒரு சொல்லுத்தானேம்மா!" ம்ஹூம். கலியாணம் தட்டிப்போனது. அந்தப் பெடியனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். சுஜாந்தி வெள்ளைக்காரர் தங்கும் விடுதியில் படுக்கை விரிப்புத் துவைக்கிறாள். அந்த வயிற்றெரிச்சலில் ஆறு வருடம் தாயோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சாப்பிட்டாயா என்றால் ஓம், அவ்வளவுதான்.

கோயில் அறையில் பூசைக் கருத்து எழுதும் அமல்ராஜ் கொப்பியை விரித்து வைத்திருந்தார்.

"வா பிள்ளை. அம்மாவுக்குத்தானே?"

"ஓம் அண்ணன். மரித்தவர்கள எழுதுற பக்கத்தில எழுதுங்கோ."

மாக்கிறட் என்று எழுதினார். அதற்குக் கீழே காலஞ்சென்ற நிக்கொலஸ் என்றும் எழுதச் சொல்ல அவள் வாயெடுக்கும் முன், அவர் பழைய பக்கத்தைத் தட்டினார்.

"மற்றக் கருத்தையும் போன வருசம் மாதிரியே எழுதவா?" என்று கேட்டுவிட்டு வாசித்தார். "'நிக்கொலஸ் சுகமாக வந்து சேரவும், மகள் சுஜாந்தி தனிச்சுப் போகாமல் இருக்கவும். கேட்பவர், மனைவி மாக்கிறட்.' உன்ர கலியாணம் குழம்பின நாளில இருந்து கொம்மா ரெண்டும் சேர்த்துத்தான் எழுதுவிக்கிறவ. நீ கேட்டதில்லையா?"

அவள் எங்கே கேட்டாள்? ஆறு வருடமும் அந்த நேரத்தில் வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். பாவி, ஒரு தரமாவது பக்கத்தில் போய் இருந்திருக்கலாம்.

அமல்ராஜ் பேனையோடு காத்திருந்தார். இப்போது அந்தச் சொல்லைச் சொன்னால் அப்பா முடிந்தார். அம்மா காத்திருந்த இருபத்தெட்டு வருடமும் அதோடு முடிந்தது. அந்த மனுசனை வருவார் என்று சொல்ல இந்த உலகத்தில் இனி ஒருத்தருமில்லை.

"முதல் பாதிய மட்டும் எழுதுங்கோ அண்ணன்."

"ஏன், மற்றது?"

"அது பலிக்கேல்ல."

அவர் குனிந்து எழுதினார். "கேட்பவர்?"

"மகள் சுஜாந்தி."

பூசையில் சுவாமி அதை வாசித்தபோது பின் வாங்கில் யாரோ சிரித்தார்கள். சுஜாந்தி திரும்பிப் பார்க்கவில்லை. முன் வாங்கில், அம்மா வழக்கமாக இருக்கிற இடத்தில், தனியே இருந்தாள்.