தரையில் வைத்த செரி மரம்

எண்பதுகளின் கடைசியில் கவுன்சில் எங்களுக்கு லண்டன் நோர்பரியில் ஒரு வீடு கொடுத்தது. அதன் முன்னால் ஒரு கட்டில் போடுமளவுக்குக் களிமண் நிலம் இருந்தது. அதில் யப்பான் செரி மரம் ஒன்று வைப்பதென்று அம்மா தீர்மானித்தார். வசந்தத்தில் தெருமரங்களைப் பார்த்து வந்த ஆசை, குளிர் தொடங்க அடங்கிவிடும் என்றார் அப்பா. நவம்பர் வந்தும் அடங்கவில்லை.

“வைக்கிறதெண்டால் தொட்டியில வையும். ஊருக்குப் போகேக்க ஆருக்கும் குடுத்திட்டுப் போகலாம்.”

“தொட்டியில வைச்சால் குளிருக்கு வேர் பட்டுப்போகும். நான் தரையிலதான் வைக்கப்போறன்.”

எங்கள் நாட்டில் நடக்கும் போர் ஓய்ந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று அப்பா வருசா வருசம் சொல்லிவந்தார். நான் அதை வானிலை அறிக்கையைப் போலக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை, மரக்கன்று விற்கும் இடத்துக்கு அம்மா என்னைக் கூட்டிப்போனார். எனக்கு ஒன்பது வயது. மொழிபெயர்ப்பது என் வேலை. விற்பனைக்காரர் முதலில் அடுக்கடுக்காக ரோசா நிறப் பூ விரியும் ஒன்றைப் படத்தில் காட்டினார். எவ்வளவு பெரிதாக வளரும் என்று கேட்கச் சொன்னார் அம்மா. வேர் நடைபாதைக் கல்லையே கிளப்பிவிடும் என்றார் அவர். வேண்டாம். அடுத்தது கிளைகள் தொங்கும் வகை, வாசலை மறைக்கும். அதுவும் வேண்டாம். கடைசியாக மூலையில் நின்ற மெல்லிய கன்று ஒன்றைக் காட்டினார். இலை உதிர்ந்த கொப்பில் இரண்டு மூன்று வெளிறிய பூக்கள். பனிக்காலம் முழுவதும் விட்டுவிட்டுப் பூக்குமாம்.

“உறைபனி கொட்டினால் என்ன செய்யும் எண்டு கேள்.”

விரிந்த பூ கருகிவிடும். ஆனால் குளிர் கொஞ்சம் தணிந்ததும் பின்னால் இருக்கும் மொட்டுகள் விரியும் என்றார் அவர். நான் சொல்லி முடிக்குமுன் அம்மா கன்றின் தண்டைப் பிடித்துவிட்டார்.

“அப்ப இதுதான்.”

பஸ்காரர் ஏற்றமாட்டேன் என்றார். வேரைச் சாக்கில் சுற்றி, அம்மா முன்னாலும் நான் நுனியைப் பிடித்தபடி பின்னாலுமாக வீடுவரை நடந்தோம். அப்பாவின் பழைய கோட்டைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு அம்மா குழி வெட்டினார். களிமண் மண்வெட்டியை விடவில்லை, அம்மாவும் விடவில்லை. மரத்தை நட்டுவிட்டோம். முட்டுக்கம்பைத்தான் எங்களால் இறுக்க முடியவில்லை. காற்றுக்கு மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அந்த நேரத்தில்தான் பெட்ரோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடிந்து அப்பா வந்தார். கேற்றடியில் நின்று சாய்ந்த மரத்தைப் பார்த்தார்.

“இப்பிடி விட்டால் காத்துக்கு நிக்காது,” என்றார். வேலை உடுப்போடேயே சுத்தியலை எடுத்துவந்து கம்பை ஆழமாக இறக்கி, மரத்தை அதோடு கட்டினார். பிறகு மாடிக்குப் போனார்.

நாங்களும் பின்னால் போனோம். லண்டன் வந்த நாளிலிருந்து அம்மா அப்பாவின் அறை அலமாரிக்கு மேல், நினைத்தவுடன் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகத் தோதாக இருந்த இரண்டு சூட்கேஸ்களையும் அப்பா இறக்கினார். ஏணி வைத்து அவற்றைக் கூரைக்கடியில் இருந்த பரணுக்கு ஏற்றத் தொடங்கினார்.

“ஏணியைப் பிடிச்சிருக்கிறீரோ?”

“ஓம், பிடிச்சிருக்கிறன்,” என்றார் அம்மா.

அலமாரிக்கு மேல் இனி என் பொம்மைகளை வைக்கலாமா என்று கேட்டேன். அப்பா பரணின் மூடியைச் சாத்திவிட்டு, ஏணியைவிட்டு இறங்கிக் கீழே போனார். தன் சொல்லைக் கேட்காமல் மரம் வைத்த கோபம் அப்பாவுக்கு இன்னும் தீரவில்லை என்றுதான் நினைத்தேன்.